ரேடியேட்டரில் வெந்த களி

இன்று காலை ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி பஸ் நின்றுபோயிருந்தது. முன்பக்க மூடியைத் தூக்கி வைத்திருந்தார்கள். உள்ளேயிருந்து புஸ் புஸ்ஸென்று ஆவி வந்தது. மாத்திரை வாங்கக் கிளம்பிய நான், அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். வெந்நீரும் துருவும் சூடேறிய ரப்பரும் கலந்த வாசனை. உனக்கு விளக்க வேண்டியதில்லை. நான் டிரைவரும் நீ கண்டக்டருமாகச் சேர்ந்து வேலை பார்த்த பன்னிரண்டு வருஷமும் சாப்பாட்டு வாசனையைவிட அதிகமாக முகர்ந்தது அதைத்தான்.

பஸ்ஸுக்குள் இருந்த பிள்ளைகள் யாரும் இறங்கவில்லை. ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு, வண்டி நின்றுவிட்டது, வர நேரமாகும் என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் பையனும் போனில்தான் இருந்தான். நான் கைத்தடியை ஊன்றி எட்டி, ரேடியேட்டர் பக்கம் மூக்கை நீட்டினேன்.

"என்ன தாத்தா, என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லப்பா. களி வாசனை வருதான்னு பாத்தேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வையில், இந்தப் பெரியவரின் வீட்டுக்கு யாராவது தகவல் சொல்ல வேண்டுமோ என்ற கவலை தெரிந்தது. நான் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டேன். மாத்திரை வாங்க மறந்துபோயிற்று. வீட்டுக்கு வந்ததும், எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று மாதம்மா கேட்டாள். காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. நீ உயிரோடு இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எழுத என்ன தேவை? திரும்பிப் பார்த்தால் போதும், ஆறடி பின்னால் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருப்பாய்.

நம் வண்டியை இன்றைய பிள்ளைகள் பார்த்தால் அதை பஸ் என்று ஒத்துக்கொள்வார்களா, தெரியவில்லை. யுத்த காலத்தில் கரி வாயுவில் ஓடி, பிறகு பெட்ரோலுக்கு மாறி, நம் கைக்கு வந்து சேர்ந்தபோது அதற்குப் பிடித்த சாமான் என்று ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக உதறிக்கொண்டிருந்தது. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, தளி, திரும்ப ஓசூர், சந்தை நாளில் பாகலூர். இதுதான் நம் லைன். அந்த வண்டியில் எல்லாம் சரியாக வேலை செய்த நாள் ஒன்றாவது உண்டா என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன், அகப்படவில்லை.

ஹாரன் ஊமையாகிவிட்ட நாட்களில் நீதான் ஹாரன். பாகலூர் சந்தைக் கூட்டத்துக்குள் வண்டி நுழையும்போது வெளியே தலையை நீட்டி, ஒருவரை "ஓரம் போங்கோ" என்பாய், அடுத்தவரை "சர்கொள்ளி" என்பாய், அதற்கடுத்தவரை "ஜருகு ஜருகு" என்பாய். எல்லோரும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறவர்கள். முகத்தைப் பார்க்காமலே யாருக்கு எந்தப் பாஷை என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

"தலப்பாகட்டுடா முனியப்பா. கட்டுன விதத்தப் பாத்தா தெரியாதா?" என்றாய். ஒரு தடவைகூட நீ தப்பியதில்லை என்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சல்.

மழையில் வைப்பர் நின்றுபோனால் உன் மடியிலிருக்கும் புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் தேய்ப்பாய், தண்ணீர் ஒட்டாமல் வழுக்கி ஓடும். ஃபேன் பெல்ட் அறுந்த அன்று ஒரு விவசாயியின் தலைப்பாகையை இதமாகப் பேசி வாங்கி, முறுக்கிக் கட்டி, தளிவரை வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அந்த மனுஷர் வழி நெடுக மொட்டைத் தலையோடு உட்கார்ந்துகொண்டு, ஏறுகிறவர் இறங்குகிறவரிடமெல்லாம் "எந் தலப்பாவுலதான் பஸ்ஸு ஓடுது" என்று பெருமை அடித்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது தலைப்பாகையைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

நீ அப்படி. வண்டி நின்றால் உனக்குக் கொண்டாட்டம். "நின்னா நிக்கட்டும்டா, அதுவும் மூச்சு வாங்க வேணாமா" என்று இறங்கி, பயணிகளையும் இறக்கி, யார் எந்த ஊர், யாருக்கு யார் உறவு என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவாய். நானோ, வண்டி நின்றால் என்னை நடுத்தெருவில் வேட்டியை உருவி நிறுத்தியதுபோலத் துடிப்பேன். போல்ட்டை முறுக்கு என்றால் அது உடைகிறவரை முறுக்குவேன். ஒரு சொட்டு எண்ணெய் போதும் என்றால் கிண்ணத்தைக் கவிழ்ப்பேன். இந்தக் குணம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பது உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஐம்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாதம்மாவை நான் பார்த்தது தேன்கனிக்கோட்டை தேர்த் திருவிழாவில். அவளுடைய அப்பா அஞ்செட்டியிலிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தே வந்திருந்தார். அவளும் நடந்தே வந்திருந்தாள். நான் பார்த்ததை நீ பார்த்துவிட்டாய். மறு வாரமே யாரையும் கேட்காமல் அஞ்செட்டிக்கு நடந்துபோய்ப் பேச்சை ஆரம்பித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாய். மாமனார் சுலபமான ஆள் இல்லை. காடும் மாடுமாக வாழ்ந்தவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று ஊரில் சொல்வார்கள். நிச்சயம் பேச நாம் உறவுக்காரர்களோடு போன அன்று அவர் என் முகத்தைப் பார்க்காமல் உன்னிடம்தான் கேட்டார்.

"மாடு படுத்துக்கிச்சுன்னா தட்டி எழுப்பலாம். இரும்பு படுத்துக்கிச்சுன்னா உங்க ஆளு என்னா பண்ணுவான்?"

"அவனும் தட்டித்தான் எழுப்புவானுங்க மாமா" என்றாய் நீ.

யாரும் சிரிக்கவில்லை. அவர் வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் கேட்கும்படி சொன்னார். "செரி. அந்த வண்டியிலயே வரட்டும். முகூர்த்தத்துக்கு வண்டியோட வந்து சேந்தான்னா பொண்ணு அவனுக்கு. வழியில படுத்துக்கிச்சுன்னா வந்த வழியே போவட்டும். எந் தங்கச்சி மவன் பந்தல்லதான் இருப்பான்."

தங்கச்சி மகன் என்றால் மாதம்மாவுக்கு முறை மாப்பிள்ளை. அவன் அப்போதே ஒரு மூலையில் எண்ணெய் தேய்த்த தலையோடு உட்கார்ந்திருந்தான். பாவம், நல்லவன்தான். ஆனால் நான் அன்று இரவு சாப்பிடவில்லை.

கல்யாணம் ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரை மணிக்கு ராகு காலம் பிறக்கும், அதற்கு முன் தாலி ஏறிவிட வேண்டும். முதலாளி ஒரு நாளைக்கு வண்டியைக் கொடுத்தார், ஆனால் என் கையைத் தவிர வேறு கை ஸ்டியரிங்கில் படக்கூடாது என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர்தான். வேறொருவன் தொட்டால் வண்டிக்கே கோபம் வரும் என்று நம்பினோம். ஆகவே என் கல்யாணத்துக்கு நானே பஸ் ஓட்டினேன். தலையில் சரிகைத் தலைப்பாகை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, கையில் காப்புக் கயிறு, காலடியில் கிளட்ச். பின்னால் பெண்களும் ஆண்களுமாக நாற்பது பேர். படிக்கட்டில் காக்கிச் சட்டையும் தோளில் டிக்கெட் பையுமாக நீ. கல்யாணத்துக்குக் காக்கிச் சட்டையா என்று கேட்டதற்கு, "மாப்ள டூட்டியில இருக்கறப்ப நான் மட்டும் லீவா?" என்றாய்.

முந்தின நாளே ரேடியேட்டரில் கசிவு இருந்ததை நான் பார்த்துவிட்டேன். ஈயம் வைத்து அடைக்க ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாள் என்னிடம் இல்லை. சோப்பைத் திணித்து அடைத்துவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல், கோழி கூப்பிடும் நேரத்துக்கு வண்டியைக் கிளப்பினேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. தேன்கனிக்கோட்டை தாண்டி மலை இறக்கம் முடிகிறவரை வண்டி சமர்த்தாக வந்தது. கீழே மண் ரோட்டில் கால் வைத்ததும் புகைய ஆரம்பித்தது. நீ இறங்கிக் குனிந்து பார்த்தாய். சோப்பு கரைந்துபோயிருந்தது. நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

சீர்ப் பானைகளில் இருந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றினோம். ஊற்ற ஊற்ற ஒழுகியது. அப்போதுதான் உனக்கு அந்த யோசனை வந்தது. ரேடியேட்டருக்குள் ஒரு பிடி மாவைப் போட்டால், அது தண்ணீரோடு ஓடி ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும், பெங்களூர் போகிற லாரிக்காரர்கள் செய்வார்கள் என்றாய். மாவு எங்கே இருக்கிறது? என் பாகலூர்ச் சின்னம்மாவின் மடியில் இருந்தது. அவளுக்கு அரிசிச் சோறு ஆகாது. கல்யாண வீட்டில் எல்லோரும் நெல்லுச் சோறு சாப்பிடும்போது தான் மட்டும் தனியாகக் களி கிண்டிக்கொள்வதற்காக ஒரு துணிப்பை நிறைய ராகி மாவு கொண்டு வந்திருந்தாள்.

"நா பிண்டி இய்யனு, போரா!" என்று சீறினாள். என் மாவைத் தரமாட்டேன், போடா என்று அர்த்தம். நீ அவள் தெலுங்கிலேயே அவளைச் சித்தி என்றாய், தாயே என்றாய், ஒரே ஒரு பிடி என்றாய். பையை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, உன் முஷ்டியை மடக்கி என் முகத்துக்கு நேரே காட்டினாய்.

"இவ்ளோதான்டா. ஒரு பிடி. ஒரே பிடி. நான் போயி தண்ணி மொண்டாரேன்."

நீ பானையோடு ஓடைக்கு இறங்கிவிட்டாய். மற்றவர்கள் புளிய மர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் ரேடியேட்டரும் மட்டும். முதல் பிடியைப் போட்டேன். பத்தாது என்று தோன்றியது. பந்தலில் எண்ணெய்த் தலையோடு ஒருவன் காத்திருக்கும்போது ஒரு பிடியை நம்பி எப்படிப் போவது? இன்னொரு பிடி போட்டேன். மூன்றாவது பிடி போட்டேன். கை போதவில்லை என்று, பையையே கவிழ்த்துவிட்டேன்.

நீ தண்ணீரோடு ஏறி வந்தபோது பை காலியாக என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. நீ பையைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். பையை வாங்கி நாலாக மடித்து உன் டிக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு, தண்ணீரை ஊற்றி மூடியைத் திருகினாய். "போலாம்" என்றாய்.

உண்மையைச் சொல்ல வேண்டும், ஒரு மைல் தூரத்துக்கு அது அபாரமாக வேலை செய்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. நான் கண்ணாடியில் உன்னைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டேன். ஒரு மேடு வந்தது. வண்டி முனக ஆரம்பித்தது. பிறகு முன்னாலிருந்து ஒரு சத்தம். பொளக். கொஞ்சம் பொறுத்து மறுபடி பொளக், பொளக். அந்தச் சத்தத்தை வண்டியில் இருந்த ஒவ்வொரு பெண்ணும் தினமும் தன் வீட்டு அடுப்பில் கேட்கிறவள். முதலில் கண்டுபிடித்தவள் சின்னம்மாதான்.

"அடப்பாவீ, எங் களி வேவுது!"

மேட்டின் பாதியில் வண்டி நின்றது. நீ துணியைச் சுற்றி மூடியைத் திறந்தாய். உள்ளேயிருந்து பழுப்பு நிறத்தில், பதமாக, பளபளவென்று ஒரு களி உருண்டை மெதுவாக எழும்பி வந்து எங்களைப் பார்த்தது. நாற்பது பேர் பார்த்திருக்க, ஒரு பஸ் களி கிண்டியிருந்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்து சிரித்தாய். எனக்கு அழுகை வந்தது. கைக்கடிகாரத்தில் மணி ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கு இன்னும் இரண்டு மைல். நடந்து போயிருக்கலாம், நேரம் இருந்தது. ஆனால் வண்டியோடு வந்தால்தான் பெண் என்று ஊர் அறியச் சொன்ன வார்த்தை. நடந்து போனால் நான் மாப்பிள்ளையாகப் போகமாட்டேன், விருந்தாளியாகப் போவேன்.

சிரித்து முடித்ததும் நீ எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினாய். "நீ சீட்டுல உக்காரு. யாரு கேட்டாலும் வாயத் தெறக்காத" என்று சொல்லிவிட்டு ஓடினாய். இரண்டு மைலும் ஓட்டம். அங்கே நடந்ததை மாதம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் உள்ளே அலங்காரத்தோடு உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாளாம்.

நீ பந்தலுக்குள் மூச்சு வாங்க நுழைந்தாய். மாமனார் எழுந்து நின்றார். "வண்டி எங்க?" என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். நீ சொல்லவில்லை.

"நின்னுடுச்சுங்க மாமா. நாந்தான் கெடுத்தேன்" என்றாய். "ரேடியேட்டரு ஒழுவுச்சு. மாப்ள ஒரு பிடி மாவு போடச் சொன்னாரு. நல்ல டிரைவருங்க, அளவு தெரிஞ்ச மனுசன். நான் புத்தி கெட்டவன், பையோட கொட்டிட்டேன்" என்று சொல்லி, டிக்கெட் பைக்குள்ளிருந்து அந்தக் காலி மாவுப் பையை எடுத்து அவர் முன்னால் விரித்துக் காட்டினாய். "உள்ளாற களி வெந்து நிக்குதுங்க."

மாமனார் உன்னை உற்றுப் பார்த்தார்.

"என்னா களி?"

"ராகிக் களிங்க."

"பஸ்ஸுக்குள்ளயா?"

"பஸ்ஸுக்குள்ளதாங்க. நல்ல பதம். வந்து பாருங்க."

அந்த மனுஷர் தோள் குலுங்கியது. முதலில் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து மாதம்மாவின் அம்மா ஓடி வந்தாளாம். பிறகுதான் தெரிந்தது, அவர் சிரிக்கிறார். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, சத்தமே வராமல் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து ஊரே சிரித்தது. அந்தச் சந்தடியில்தான் நீ கேட்டாய். "வண்டியோட வரணும்னுதான சொன்னீங்க? எது இழுத்தாரணும்னு சொல்லலியே மாமா. உங்க மாட்டக் குடுங்க."

எட்டு மாடுகள் வந்தன. நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், ரோட்டு வளைவில் கொம்பு தெரிகிறது, கொம்புக்குப் பின்னால் கொம்பு. முன்னால் நடந்து வந்தவன் அந்த எண்ணெய்த் தலைக்காரன். தன் மாமாவின் மாடுகளை அவனைத் தவிர யாரும் அடக்க முடியாது என்பதால் அவனையே அனுப்பிவிட்டார்கள். அவன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, களியைப் பார்க்க வேண்டும் என்றான். பார்த்தான். பிறகு மாடுகளை ஜோடி ஜோடியாகப் பூட்டிச் சங்கிலியை வண்டியின் முன்கம்பியில் மாட்டினான். நீ எல்லோரையும் உள்ளே ஏற்றி உட்கார வைத்தாய். யாரும் நடக்கக்கூடாது, இது பஸ் என்றாய். விசில் ஊதினாய். "ரை... ரைட்!"

வண்டி நகர்ந்தது. எட்டு மாடு இழுக்க, இன்ஜின் செத்துப்போன பஸ்ஸில், தலைப்பாகையோடு நான் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு போனேன். வழியில் எதிர்ப்பட்ட கன்னடக்காரர் ஒருவர் "ஏனப்பா, பஸ்ஸு நிந்தோயித்தா?" என்று கேட்டார். "இல்ல ஸ்வாமி, ஓடுதல்லா!" என்று பாதி தமிழில் பாதி கன்னடத்தில் நீ கூவினாய். அஞ்செட்டிப் பக்கத்தில் அதுவரை பஸ்ஸில் ஏறியே அறியாதவர்கள் காட்டு வழியெல்லாம் இறங்கி ஓடி வந்தார்கள். நீ அவர்களையும் ஏற்றிக்கொண்டாய், ஏறியவர்களுக்கெல்லாம் கல்யாண டிக்கெட் என்று வெற்றிலை கிழித்துக் கொடுத்தாய். பாரம் ஏறி, ஊர் எல்லையில் மாடுகள் நின்றுவிட்டன. பத்தேகால் மணி.

அப்போதுதான் நான் அன்று செய்த ஒரே உருப்படியான காரியத்தைச் செய்தேன், அதுவும் தெரியாமல் செய்தது. பதற்றத்தில் ஹாரனை அமுக்கிவிட்டேன். ஏழு மாதமாக ஊமையாக இருந்த ஹாரன் அன்றைக்கென்று அலறியது. மாடுகள் அப்படியொரு சத்தத்தைப் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. எட்டும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின. முறை மாப்பிள்ளை கூடவே ஓட, நீ படிக்கட்டில் தொங்க, பெண்கள் கூச்சலிட, நான் பிரேக்கில் ஏறி நிற்க, பஸ் பந்தல் வாசலில் கட்டியிருந்த வாழை மரம் ஒன்றைச் சாய்த்துவிட்டு நின்றது. நீ குதித்து இறங்கி, "அஞ்செட்டி! எல்லாம் எறங்கு!" என்றாய்.

ராகு காலம் பிறக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது தாலி கட்டினேன். மாமனார் எழுந்து வந்து முதலில் உன்னைக் கட்டிக்கொண்டார், பிறகுதான் என்னை ஆசீர்வதித்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே உட்கார்ந்து ரேடியேட்டரைக் கழற்றி, மூங்கில் சிம்பால் களியைக் குடைந்து எடுத்தது உனக்கு நினைவிருக்கும். சின்னம்மா ஒரு துண்டைக் கிள்ளி முகர்ந்து பார்த்து, உப்பு இல்லை என்று குறை சொன்னாள். அன்றைக்கு உனக்கு விழுந்த பெயர்தான் களிக் கண்டக்டர். ஓசூரிலிருந்து அஞ்செட்டிவரை உன் சொந்தப் பெயர் அத்தோடு போயிற்று. முதலாளியிடமும் அதே பொய்யைத்தான் சொன்னாய். அவர் கத்திவிட்டு, உன்னை மூன்று மாதம் ராயக்கோட்டை லைனுக்குத் தூக்கிப் போட்டார். அந்த மூன்று மாதமும் எனக்குப் பின்னால் வேறொருவன் விசில் ஊதினான். நான் ஒருநாள்கூட அதற்குச் சரியாக வண்டி எடுக்கவில்லை.

நீ திரும்பி வந்ததும் கேட்டேன், ஏண்டா இப்படிப் பழியை வாங்கிக்கொண்டாய் என்று. டிக்கெட் கட்டைச் சரி பார்த்துக்கொண்டே சொன்னாய். "மாப்ளைக்குப் புத்தி இல்லன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்கடா. கண்டக்டருக்குப் புத்தி இல்லன்னா யாருக்கு என்ன?"

சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்றே இருந்தேன். மாமனார் ஒவ்வொரு பண்டிகைக்கும் அந்தக் கதையைச் சொல்வார். "எம் மருமவன் அளவு தெரிஞ்சவன், அந்தக் கண்டக்டரு பயதான்..." என்று ஆரம்பிப்பார். நீ பக்கத்திலேயே உட்கார்ந்து, விட்டுப்போன இடத்தையெல்லாம் எடுத்துக் கொடுப்பாய். நான் தலை குனிந்து சாப்பிடுவேன். அடக்கமான மாப்பிள்ளை என்று அதற்கும் ஒரு நல்ல பெயர். அவர் போன பிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அளவு தெரிந்தவன் என்ற பெயர் கேட்கக் கேட்க நன்றாக இருந்தது, அதுதான் உண்மை.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் மாதம்மாவும் பாகலூர் வந்தோம். சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது உன் மகன் அந்தக் கதையை எடுத்தான். களி எழும்பி வந்து பார்த்த இடத்தில் உன்னைப் போலவே வயிற்றைப் பிடித்துக்கொண்டான். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"அந்த மாவக் கொட்டுனவன் நானு" என்றேன். "உங்கப்பன் ஒரு பிடிதான் போடச் சொன்னான். நாந்தான் பையோட கவுத்தேன். எனக்காவப் பொய் சொன்னான். இத்தன வருசம் அவன் பேரக் கெடுத்துட்டு நான் நல்ல பேரு எடுத்துக்கிட்டேன்."

உன் மகன் கண் கலங்கி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "பெரியப்பா, எங்கப்பா போனப்பறமும் அவரு பழிய நீங்க ஏத்துக்கப் பாக்கறீங்களே!"

"டேய், நெசமாத்தான்டா."

"போதும் பெரியப்பா. எங்கப்பா குடுத்து வச்சவரு."

நான் சத்தியம் செய்தேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "சிநேகிதம்னா இதாண்டா" என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னார். நான் அளவு தெரிந்த டிரைவர் மட்டுமல்ல, செத்துப்போன நண்பனுக்காகப் பொய்ச் சத்தியம்கூடச் செய்கிற உத்தமன் என்றும் அன்று பாகலூரில் முடிவாயிற்று.

திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். மாதம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் தோள் குலுங்குகிறது. அவள் அப்பாவின் சிரிப்பு.

"ஒருத்தரும் நம்பலியே" என்றேன்.

"எப்புடி நம்புவாங்க?"

"நீ நம்புறியா?"

"எனக்கு நம்பறதுக்கு என்னா இருக்குது? தாலி கட்டறப்பப் பாத்தனே. உங்க நகக்கண்ணு பத்துலயும் ராகி மாவு. இருந்த தண்ணியெல்லாம் வண்டிக்கு ஊத்திட்டீங்க, எறங்குனதும் தாலி, கை கழுவ நேரம் ஏது? பக்கத்துல நின்ன கண்டக்டரு அண்ணங் கையையும் பாத்தேன். சுத்தமா இருந்துச்சு."

"அன்னிக்கே தெரியுமா உனக்கு? ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"அவரு ரெண்டு மைலு ஓடியாந்து சொன்ன பொய்யி. நான் ஒருத்தி குந்திக்கினு கெடுக்கறதா?"

கொட்டியவன் யார் என்று தெரிந்துதான் அவள் தலையைக் குனிந்து தாலியை வாங்கியிருக்கிறாள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருஷமும் உன் காரியமும் வேண்டியிருந்தது.

ஆகவே உன் நல்ல பெயரை உன்னிடம் திருப்பித் தர என்னால் ஆனதைச் செய்துவிட்டேன். ஊர் வாங்க மறுக்கிறது. இனி அதை நானே சுமக்க வேண்டியதுதான். நீ இல்லாத இந்த இரண்டு மாதமும் உன்னை நினைத்து அழுதுகொண்டே இருக்கிறேன் என்று எழுத ஆசைதான். பாதி நேரம் அழுகிறேன், நிஜம். மீதி நேரம் நானும் மாதம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.